கத்தரிக்கோல் எங்கே? வீட்டை ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பார்சல் ஒன்றைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. மேசை டிராயரில் இல்லை, சமையலறையில் இல்லை, தையல் டப்பாவிலும் இல்லை. கடைசியில் சாவி முனையால் டேப்பைக் கிழித்துப் பிரித்தேன். உள்ளே இருந்தது ஒரு கத்தரிக்கோல். முந்தைய வாரம் இதேபோலத் தேடி அலுத்துப்போய், நானே ஆர்டர் போட்டது. பிறகு வீட்டை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தபோது மொத்தம் 5 கத்தரிக்கோல் கிடைத்தன.

எங்கள் வீட்டில் பொருள் அதிகம் என்பது தெரிந்த விஷயம்தான். எது எங்கே இருக்கிறது என்று தெரியாததால்தான் அது மேலும் மேலும் அதிகமாகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டை ஒழுங்குபடுத்துவது என்றதும் பலரும் பெரிய குப்பைப் பையோடு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் வீடு பளிச்சென்று இருக்கும், இரண்டு மாதத்தில் பழைய கதைதான். பொருள்கள் வீட்டுக்குள் எப்படி நடமாடுகின்றன, எங்கே வந்து நின்றுவிடுகின்றன என்று முதலில் பாருங்கள் என்பேன். தூக்கிப்போடுவது அப்புறம்.

படி 1: ஒரு வாரம் எதையும் தொடாமல் பாருங்கள்

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதித்தவர்கள் மறுபடி மறுபடி சுத்தம் செய்துகொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், போனில் எழுதினாலும் சரி. மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள். வீட்டில் எந்தெந்த இடத்தில் பொருள் தானாகக் குவிகிறது? இந்த வாரம் எதையெல்லாம் தேடினீர்கள்? ஒன்றை எடுப்பதற்காக வேறு எதை நகர்த்த வேண்டியிருந்தது?

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தினமும் பயன்படுத்தும் வாணலி மூன்று பாத்திரங்களுக்கு அடியில் இருக்கும். மேலே இருப்பதில் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய அண்டா. தினம் இரண்டு தடவை அந்த அண்டாவைத் தூக்கி இறக்குகிறோம். பழகிவிட்டதால் அது வேலையாகவே தெரிவதில்லை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நாற்காலி மேல் துணி குவிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே 'சோம்பேறித்தனம்' என்று வீட்டில் யாரையாவது திட்டுவோம். அந்தக் குவியலை ஒருநாள் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அழுக்குத் துணி அதில் அநேகமாக இருக்காது, அது கூடைக்குப் போய்விடும். துவைத்து மடித்ததும் இருக்காது, அது அலமாரிக்குப் போய்விடும். நாற்காலியில் கிடப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளது: ஒருமுறை போட்டது, இன்னொரு முறை போடலாம் என்று வைத்தது. அந்த வகைத் துணிக்கு வீட்டில் இடமே இல்லை. அதனால் நாற்காலியே அதன் இடமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி அடித்தால் முடிகிற விஷயம் இது.

மற்ற குவியல்களும் இப்படித்தான். வாசலுக்குப் பக்கத்தில் சாவி, ஹெல்மெட், பை எல்லாம் கிடக்கிறதா? உள்ளே வருகிறவர் கையில் இருப்பதை இறக்கிவைக்க ஓர் இடம் கேட்கிறார். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் காகிதம் சேர்கிறதா? தபாலைப் பிரிப்பது அங்கே, ஆனால் ஃபைல் இருப்பது வேறு அறையின் மேல்தட்டில். குளியலறைக்கு வெளியே துண்டு கிடக்கிறதா? மாட்டும் கம்பி கைக்கெட்டாத இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குவியல் எங்கே விழுகிறதோ, அதற்கு இரண்டு எட்டுத் தூரத்துக்குள் அந்தப் பொருளுக்கு இடம் கொடுத்தால், யாரிடமும் சொல்லாமலே பாதி ஒழுங்கு வந்துவிடும்.

படி 2: பெட்டி வாங்காதீர்கள்

எங்கள் வீட்டில் முதல்முறை இந்த வேலையில் இறங்கியபோது நான் செய்த முதல் காரியம், மூடி போட்ட 8 பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கியது. ஒரே நிறம், ஒரே அளவு, பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம் பார்த்தால் அலமாரித் தட்டின் உயரத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம். உள்ளே போகவில்லை. 8 பெட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வராந்தாவில் ஒரு வருடம் நின்றன. ஒழுங்குபடுத்த வாங்கியதே இடைஞ்சலானது. எது மிஞ்சும், எவ்வளவு மிஞ்சும், எந்தத் தட்டில் உட்காரும் என்று தெரிந்த பிறகு, அளவெடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். அதுவரை காலணி வந்த அட்டைப்பெட்டிகளே போதும்.

இப்போதைக்கு வேண்டியது நாலு பெட்டியோ பையோ, ஒரு மார்க்கர், ஒரு குப்பைப் பை, ஈரத்துணி. கூடவே போனில் அலாரம். ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். 30 நிமிடம் பிரிக்க, 10 நிமிடம் எடுத்ததைத் திருப்பி வைக்க. இந்தக் கடைசி 10 நிமிடத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோ முழுவதையும் கட்டிலில் கொட்டிவிட்டு, இரவு தூங்க இடமில்லாமல் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப அடைத்தவர்கள் நிறையப் பேர்.

எங்கிருந்து தொடங்குவது? மனசு ஒட்டாத இடத்திலிருந்து. குளியலறை அலமாரி, காலணி அடுக்கு, சமையலறையின் கரண்டி டிராயர். பழைய படங்கள், கடிதங்கள், இறந்தவர்களின் உடைமைகள் எல்லாம் கடைசியில்தான். பரணும் பின்னால்தான். பரண் நம்மைத் தினமும் தொந்தரவு செய்வதில்லை, டிராயர் செய்கிறது.

படி 3: ஒரு டிராயரைப் பிரிப்போம்

எல்லா வீட்டிலும் 'எல்லாம் போடும் டிராயர்' ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அது டிவிக்குக் கீழே. திறந்தால் பாதியில் நிற்கும், உள்ளே ஏதோ தட்டும். விரலை விட்டு அதை அமுக்கினால்தான் முழுதாக வரும். அதில் இருந்தவை: எழுதாத பேனா 7, உருகி டிராயரோடு ஒட்டிப்போன ரப்பர் பேண்டுகள், இப்போது வீட்டில் இல்லாத போன்களின் சார்ஜர் 3, பேட்டரி கசிந்த ரிமோட் ஒன்று, எழுத்து மறைந்துபோன ரசீதுகள், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத 4 சாவிகள், எப்போதோ தீர்ந்துபோன சளி மருந்தின் மூடி, நல்ல நிலையில் ஓர் இன்ச் டேப்.

முழுவதையும் வெளியே எடுங்கள். டிராயருக்குள் கைவிட்டுத் துழாவிப் பிரிப்பது பிரிப்பதாகாது. காலி டிராயரைத் துடையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நாலில் ஒன்றில் போடுங்கள்: இங்கேயே இருக்க வேண்டியது, இந்த வீட்டில் வேறு இடத்துக்குப் போக வேண்டியது, வீட்டைவிட்டே போக வேண்டியது, முடிவு செய்ய முடியாதது. இரண்டாவது பெட்டியில் போட்டதை உடனே எழுந்து கொண்டுபோய் வைக்காதீர்கள். இன்ச் டேப்பை வைக்கப் போனவர் அங்கே இருக்கும் இன்னொரு டிராயரைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். கடைசி 10 நிமிடம் அதற்குத்தான்.

'இது வேண்டுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். இது வெறும் பலவீனமில்லை, மனித மனம் அப்படி. 1990-இல் டேனியல் கானமன், ஜாக் க்னெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் காபி மக் ஒன்றைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம், அதே மக்கை என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றார்கள். கையில் மக் வைத்திருந்தவர்கள் கேட்டது, வாங்குகிறவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்கள் அந்த மக்கை வைத்திருந்ததே கொஞ்ச நேரம்தான். பத்து வருடமாக வீட்டில் கிடக்கும் மிக்சி ஜாடியை நம்மால் எப்படி எளிதில் விட முடியும்?

அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். இதைக் கடைசியாக எப்போது எடுத்தேன்? இது இல்லாமல் போய் நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வேன்? பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம், வேறொன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று பதில் வந்தால், அது போகலாம். 'நிறையக் காசு போட்டு வாங்கினேனே' என்ற எண்ணம் வரும். அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. பொருள் அலமாரியில் இருப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை.

முடிவு செய்ய முடியாதவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே இன்றைய தேதியை எழுதிவிடுங்கள். 6 மாதத்தில் எதற்காகவும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்றால், அதைத் திறக்காமலே அனுப்பிவிடலாம். திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் மறுபடி பேசத் தொடங்கிவிடும். ஒரு நிபந்தனை: பத்திரங்கள், நகை, படங்கள், சாவி இவற்றை அந்தப் பெட்டியில் போடவே கூடாது.

சாவி என்றதும் சொல்ல வேண்டும். அந்த 4 சாவிகளையும் நான் குப்பையில் போட்டேன். மூன்று வாரம் கழித்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போனபோதுதான் தெரிந்தது. பூட்டை உடைத்துத்தான் திறந்தோம். உள்ளே ஒரு போர்வையும் இரண்டு பழைய நாட்குறிப்புகளும். சாவியை எறிவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லாப் பூட்டிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பொருந்தியதற்கு ஒரு அட்டை கட்டி எழுதிவையுங்கள்.

குப்பையில் நேராகப் போடக்கூடாதவை

பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும். போன், லேப்டாப், பவர் பேங்க் இவற்றில் இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கக்கூடும். குப்பை வண்டியில் நசுக்கும்போது தீப்பிடிப்பது இதனால்தான். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பட்டன் மாதிரி இருக்கும் சின்ன பேட்டரியில் இன்னொரு ஆபத்து: குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். பிரிக்கும் நேரத்தில் இவை தரையில் உருண்டு கிடக்கும், கவனம்.

காலாவதியான மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக்கடையோ மருத்துவமனையோ இருந்தால் அங்கே கொடுப்பதே நல்லது. அப்படி வசதி இல்லையென்றால், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து மண்ணோடோ மரத்தூளோடோ கலந்து, மூடிய பைக்குள் கட்டிப் போடலாம். யாரும் எடுத்துத் தின்னாமல் இருக்கத்தான் இது. குறிப்பிட்ட மருந்துக்கு வேறு முறை அச்சடித்திருந்தால் அதன்படி செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் திரவங்களில் பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. கால்வாசி, அரைவாசி மிஞ்சிய பாட்டில்களை இடம் மிச்சமாகட்டும் என்று ஒன்றில் ஊற்றிச் சேர்ப்பார்கள். கூடவே கூடாது. ப்ளீச்சோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. எதை வேண்டுமானாலும் ஒரே டப்பாவில் சேருங்கள், இவற்றை மட்டும் வேண்டாம்.

படி 4: மிஞ்சியதற்கு இடம் கொடுங்கள்

இந்த வேலையின் உயிரே இங்கேதான். நான் பின்பற்றுவது ஒரே ஒரு கேள்வி: இது காணாமல் போனால் முதலில் எங்கே போய்த் தேடுவேன்? அங்கேதான் அதன் இடம். 'எங்கே வைத்தால் அழகாக இருக்கும்' என்று யோசித்து வைத்ததை நாமே மறந்துவிடுவோம். வீட்டில் மற்றவர்களையும் கேளுங்கள். நெயில் கட்டரை நான் கண்ணாடி அலமாரியில் தேடுவேன், வீட்டில் மற்ற எல்லோரும் டிவி பக்கத்தில் தேடுவார்கள். ஓட்டெடுப்பில் தோற்றது நான்.

உயரம் முக்கியம். தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கனமானது இடுப்புக்குக் கீழே. தலைக்கு மேலே வைப்பது எப்போதாவது தேவைப்படுவதாகவும், தவறி விழுந்தால் மண்டையை உடைக்காததாகவும் இருக்கட்டும். மேலே கனம் அதிகமான உயரமான அலமாரி, டிராயர்களை ஒன்றாக இழுத்தாலோ குழந்தை ஏறினாலோ முன்பக்கம் சாயும். சுவரோடு பிராக்கெட் போட்டு இறுக்கிவிடுங்கள். ஒழுங்குபடுத்தும் ஜோரில் எல்லாவற்றையும் மேலே ஏற்றும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆழம். தட்டு ஆழமாக இருந்தால் முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டாக அடுக்குவோம். பின்வரிசை மெல்ல மெல்ல மறந்தே போகும். ஆறு மாதம் கழித்து அங்கே தேதி தீர்ந்த பாக்கெட் கிடக்கும், முன்னால் அதே பொருள் புதிதாக வாங்கி வைத்திருப்போம். ஆழமான தட்டில் நீளமான டிரே ஒன்றைப் போட்டு அதற்குள் அடுக்குங்கள். டிரேயை இழுத்தால் பின்னால் இருப்பதும் முன்னால் வந்துவிடும். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னுக்குத் தள்ளுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைவிட, நிற்கவைப்பது எப்போதும் மேல். தட்டு, மூடி, வெட்டும் பலகை, மடித்த சட்டை, ஃபைல் எல்லாமே புத்தகம்போல நின்றால் நடுவில் உள்ளதை உருவி எடுக்க மேலே உள்ளதைத் தூக்க வேண்டியதில்லை. மூடிகளைப் பாத்திரத்தோடு சேர்க்காமல் தனியாக நிறுத்திவைத்துப் பாருங்கள். ஜோடி இல்லாத மூடிகள் எத்தனை என்பது உடனே தெரிந்துவிடும்.

எல்லாத் தட்டையும் முழுக்க நிரப்பிவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள். எடுக்க ஒரு கை போதும், ஆனால் திருப்பி வைக்க இரண்டு கையும் கொஞ்சம் பலமும் வேண்டும் என்கிற இடத்தில் யாரும் எதையும் திருப்பி வைக்க மாட்டார்கள்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 5எஸ் என்ற முறை உண்டு: செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. தேவையில்லாததைப் பிரித்தெடு, இருப்பதை இடத்தில் வை, துடை, எல்லோருக்கும் ஒரே முறையாக்கு, பழக்கமாக்கு என்று சுருக்கமாகச் சொல்லலாம். இந்த முறையைப் பின்பற்றும் பட்டறைகளில் ஸ்பேனர், சுத்தியல் மாட்டும் பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வரைந்து வைத்திருப்பார்கள். ஒன்று இல்லையென்றால் அந்த வெற்று வடிவம் கண்ணில் குத்தும். எங்கள் வீட்டுக் கரண்டி டிராயரில் இதைச் செய்து பார்த்தேன். அடியில் வெள்ளை அட்டை விரித்து, கத்தரிக்கோல், உரிப்பான், டப்பா திறப்பான் மூன்றின் வடிவத்தையும் மார்க்கரால் வரைந்தேன். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். கத்தரிக்கோல் அந்த டிராயரை விட்டு இன்றுவரை போகவில்லை.

ஒரு பொருள் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கத்தரிக்கோலுக்கு வீட்டில் மூன்று இடத்தில் வேலை இருந்தால் மூன்று கத்தரிக்கோல் நியாயம்தான். நாலாவதும் ஐந்தாவதும்தான் போக வேண்டும். எங்கள் ஐந்தில் இரண்டு போயின.

படி 5: துணி

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹேங்கர்கள் எல்லாவற்றையும் கொக்கி உங்களைப் பார்த்திருக்கும்படி திருப்பி மாட்டுங்கள். ஒன்றைப் போட்டுத் துவைத்துத் திரும்ப மாட்டும்போது சரியான பக்கம் மாட்டுங்கள். ஒரு பருவம் முழுக்கக் கழிந்த பின்னும் திரும்பாத ஹேங்கர்கள், உங்களுக்குப் பிடித்திருந்தும் நீங்கள் போடாத துணிகள். ஏன் போடவில்லை என்று போட்டுப் பார்த்தால் தெரியும்: தோளில் பிடிக்கும், பித்தான் போயிருக்கும், உறுத்தும். பித்தானாக இருந்தால் அன்றே தைத்துவிடுங்கள். மெலிந்த பிறகு போடலாம் என்று வைத்திருப்பது எல்லோர் வீட்டிலும் உண்டு. ஒன்றிரண்டு இருக்கட்டும், ஒரு தட்டு முழுக்க வேண்டாம். பெட்டியில் கட்டி வைப்பதை நன்றாக உலர்த்தி வையுங்கள், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும்.

படி 6: காகிதம்

காகிதம் மெல்லியது, ஆனால் வீட்டில் ஆளை அதிகம் களைப்பாக்குவது அதுதான். காரணம், ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தால்தான் முடிவு செய்ய முடியும். அதனால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

முதலில் இனி வரும் காகிதத்துக்கு வழி செய்யுங்கள். தபால் பிரிக்கும் இடத்திலேயே ஒரு நிற்கும் ஃபைல். ஏதாவது செய்ய வேண்டியது (பணம் கட்டுவது, கையெழுத்துப் போடுவது, பதில் எழுதுவது) மட்டும் அதில். விளம்பரமும் உறையும் அங்கேயே குப்பைக்கு. வாரத்தில் ஒருநாள் அந்த ஃபைலைக் காலி செய்யுங்கள். கிழமையை முன்கூட்டியே வைத்துக்கொண்டால்தான் நடக்கும்.

பழைய குவியலில் எப்போதும் வைத்திருக்க வேண்டியது குறைவுதான்: பிறப்பு, திருமணம், படிப்புச் சான்றிதழ்கள், அடையாள ஆவணங்கள், சொத்துப் பத்திரங்கள், காப்பீடு, முக்கியமான மருத்துவ அறிக்கைகள். இவற்றை ஒரே பையில், ஆபத்து நேரத்தில் ஒரே கையில் தூக்கிக்கொண்டு ஓடும்படி வையுங்கள். வரி, வங்கி தொடர்பானவற்றை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் காலம் வரை வைத்திருங்கள், ஒவ்வொரு உறையின் மேலும் எந்த வருடம் எறியலாம் என்று எழுதிவிட்டால் மறுபடி யோசிக்க வேண்டாம். கடை ரசீது பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருகிறது. சூடும் வெளிச்சமும் பட்டால் எழுத்து மங்கிவிடும். வாரண்டிக்கு வேண்டும் என்று பத்திரப்படுத்திய ரசீது, தேவைப்படும் நாளில் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். படத்தை ஒரே போனில் மட்டும் வைக்காமல், இன்னோர் இடத்திலும் பிரதி வையுங்கள்.

எறியும் காகிதத்தில் கணக்கு எண்ணோ அடையாள எண்ணோ இருந்தால் அந்த வரியைத் துண்டு துண்டாகக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

படி 7: அடுத்தவர் பொருளைத் தொடாதீர்கள்

உங்களுக்குக் குப்பையாகத் தெரிவது வீட்டில் இன்னொருவருக்கு அப்படி இருக்காது. அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் போட்டால், அடுத்த தடவை அவர் எதையும் விட மாட்டார், ஒளித்தும் வைப்பார். உங்கள் துணி, உங்கள் புத்தகம், உங்கள் டிராயர் என்று தொடங்குங்கள். பொதுவானவற்றில் அளவை மட்டும் பேசி வையுங்கள்: இந்த அலமாரி முழுக்க உன்னுடையது, அதற்குள் எது இருந்தாலும் நான் கேட்க மாட்டேன், அதற்கு வெளியே வரக்கூடாது. குழந்தைகளிடமும் இதுதான் எடுபடுகிறது. 'பொம்மையைக் குறை' என்றால் அழுகை வரும், 'இந்தக் கூடை கொள்ளும் அளவுக்கு நீயே எடுத்து வை' என்றால் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். குழந்தைக்கு லேபிளில் எழுத்தைவிடப் படம் உதவும்.

வயதானவர்களின் பொருளில் அவசரம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கதையையும் கேளுங்கள். கதையைச் சொல்லி முடித்தபின், பொருளை அவர்களே நீட்டுவதும் உண்டு.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எதையும் விட முடியாமல், படுக்க, சமைக்க, நடக்க இடமில்லாத அளவுக்கு ஒருவர் சேர்த்துக்கொண்டே போனால், விடச் சொன்னால் தாங்க முடியாமல் துடித்தால், அது சோம்பலோ பேராசையோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனி மனநலக் கோளாறாகவே பட்டியலிட்டது. வலுக்கட்டாயமாகக் காலி செய்தால் நிலைமை மோசமாகும். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

படி 8: வெளியே அனுப்புவது

பாதி முயற்சிகள் கவிழ்வது இங்கே. 'கொடுக்க வேண்டியது' என்று எழுதிய மூட்டை வாசலில் மூன்று மாதம் கிடக்கும். அதிலிருந்து ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று மெல்ல வீட்டுக்குள் திரும்பி வரும். மூட்டை கட்டுவதற்கு முன்னாலேயே யாருக்கு, என்றைக்கு என்று முடிவு செய்துவிடுங்கள். வண்டி இருந்தால் மூட்டையை நேராக வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

நண்பர் ஒருவருக்குக் கூச்சப்படாமல் கையில் கொடுப்பீர்களா? அப்படியானால்தான் அது தானத்துக்கு. கிழிந்ததும் உடைந்ததும் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்குக் குப்பை வேலைதான் மிச்சம். விற்கலாம் என்று நினைப்பதற்கு 2 வாரம் கெடு வையுங்கள். விற்கவில்லையென்றால் கொடுத்துவிடுங்கள்.

பழைய போனையோ கணினியையோ கொடுக்கும்போது வரிசை முக்கியம்: வேண்டியதைப் பிரதி எடுங்கள், எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள், முழுவதும் அழித்துப் புதிதுபோல மாற்றுங்கள், சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால், வாங்கியவரால் அந்தப் போனைத் திறக்க முடியாமல் போகலாம்.

படி 9: அப்படியே வைத்திருக்க

தினமும் இரவு 10 நிமிடம், வீட்டில் எல்லோரும் சேர்ந்து, இடம் மாறியதை இடத்தில் வைப்பது. ஒருவர் மட்டும் செய்தால் அது வீட்டு வேலைப் பட்டியலில் இன்னொன்றாகிவிடும், சீக்கிரம் கோபமும் வரும்.

புதிதாக ஒன்று வாங்கும்முன், அதை எந்தத் தட்டில் வைக்கப் போகிறேன் என்று வீட்டிலேயே நின்று ஒரு நிமிடம் பாருங்கள். இடம் தெரியவில்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்ற விதி துணிக்கும் பாத்திரத்துக்கும் காலணிக்கும் நன்றாக வேலை செய்கிறது. கருவிகளுக்கும் புத்தகங்களுக்கும் அது ஒத்துவருவதில்லை, அங்கே தட்டின் அளவே எல்லை.

மூன்று மாதம் கழித்து, அந்தப் பழைய நோட்டை எடுத்து மறுபடி ஒரு வாரம் பாருங்கள். சில குவியல்கள் திரும்பி வந்திருக்கும். யாரையும் கூப்பிட்டுத் திட்ட வேண்டாம், இடத்தை நகர்த்துங்கள். எங்கள் வீட்டில் சாவிக்கென்று வாசலுக்கு இடப்பக்கம் அழகான மரப்பலகை மாட்டினேன். ஒருவரும் அதில் மாட்டவில்லை, சாவி மறுபடியும் ஷூ ஸ்டாண்டின் மேலேயே கிடந்தது. வலது கையில் பையோடு உள்ளே வருகிறவர், இடது கையால் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது எதிரில் இருப்பது ஷூ ஸ்டாண்டுதான். பலகையைக் கழற்றி அதற்கு மேலே மாட்டினேன், இரண்டு ஸ்குரூ வேலை.